அடித்தளம் அறிந்து கட்டுதல்

நுழையும்முன்

கைப்பேசியில் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்க நொடிப்பொழுதே ஆகிறது. அந்த நொடிப்பொழுதுக்குள் பல தொழில்நுட்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் பணியைச் செய்து முடிக்கின்றன. ஜாவா மொழியில் வலைச்செயலி உருவாக்க விரும்புவோர் அவற்றுள் எவற்றை முதலில் கற்க வேண்டும், ஏன் கற்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவை வெளியிடும் வலைச்செயலி ஒன்றை ஓர் இளம் நிரலாளர் உருவாக்குவதாகக் கொள்ளலாம். மாணவர் தம் பதிவெண்ணையும் பிறந்த நாளையும் உள்ளிடுவார். செயலி அவருடைய மதிப்பெண்களைக் காட்டும். சொல்வதற்கு எளிய பணிதான். ஸ்பிரிங் போன்ற பணிச்சட்டகம் ஒன்றின் துணையோடு இதனை ஓரிரு நாள்களில் செய்து முடிக்கலாம். பணிச்சட்டகம் என்பது, மீண்டும் மீண்டும் எழுத வேண்டிய நிரற்பகுதிகளை முன்கூட்டியே எழுதித் தொகுத்துத் தருவது. ஃபிரேம்வொர்க் எனப் பரவலாக வழங்கப்படுவது. நிரலாளர் தம் தேவைக்குரிய சில வரிகளை எழுதினால், எஞ்சியவற்றை அது பார்த்துக்கொள்ளும்.

இந்த வசதியினுள்ளேயே ஒரு சிக்கலும் மறைந்திருக்கிறது. பணிச்சட்டகம் தனக்குக் கீழுள்ள அடுக்குகளை மறைக்கிறதே அன்றி, அவற்றை நீக்கிவிடுவதில்லை. பிழை நேரும்போது அது பெரும்பாலும் மறைந்திருக்கும் அடுக்கிலிருந்தே எழுகிறது. அவ்வடுக்கை அறியாதவர் பிழையைக் காண்பார். அதன் காரணத்தைக் காணமாட்டார். தேர்வு முடிவுச் செயலியில் அத்தகைய பிழை, ஒரு மாணவரின் மதிப்பெண் மற்றொருவரின் திரையில் தோன்றுவதாகவும் இருக்கக்கூடும். ஆகவே, பணிச்சட்டகத்தைக் கற்பதற்கு முன் அதன் அடித்தளத்தைக் கற்பது காலவிரயம் அன்று. அதுவே பொறுப்புள்ள நிரலாளரின் முதற்கடமை.

கோரிக்கையும் மறுமொழியும்

வலை எனும் அமைப்பைச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டு முன்மொழிந்தார். அவ்வமைப்பில் கணினிகள் தமக்குள் உரையாடுவதற்கான விதிகளே எச்.டி.டி.பி. எனப்படும் மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை. இந்த உரையாடல் மிக எளிமையானது. உலாவி ஒரு கோரிக்கையை அனுப்பும். சேவையகம் ஒரு மறுமொழியை அனுப்பும். அத்துடன் அவ்வுரையாடல் முடிந்துவிடும்.

மறுமொழியின் தொடக்கத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் கோரிக்கை நிறைவேறியது. 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் சேவையகத்தில் கோளாறு. 4இல் தொடங்கும் எண்கள் பிழை கோரிக்கையில் இருப்பதையும், 5இல் தொடங்கும் எண்கள் பிழை சேவையகத்தின் பக்கம் இருப்பதையும் குறிக்கின்றன. இவ்வொரு செய்தியை அறிந்தவர் பிழையைத் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்.

கோரிக்கைகளிலும் வகைகள் உண்டு. ‘கெட்’ என்பது தகவலைப் பெறுவதற்குரியது. ‘போஸ்ட்’ என்பது தகவலை அளிப்பதற்குரியது. கெட் முறையில் உள்ளிட்ட விவரங்கள் முகவரியின் பகுதியாகவே அமைகின்றன. மாணவரின் பதிவெண்ணும் பிறந்த நாளும் இவ்வாறு அனுப்பப்பட்டால், அவை உலாவியின் வரலாற்றிலும் சேவையகத்தின் பதிவேட்டிலும் தங்கிவிடும். பொதுக்கணினியில் முடிவைப் பார்த்துச் சென்றவரின் விவரத்தை அடுத்து வருபவர் எளிதில் காணலாம். எம்முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஆகவே, பிறருடைய தனியுரிமையைக் காப்பது பற்றிய முடிவும் ஆகும்.

இந்நெறிமுறைக்கு மற்றொரு பண்பு உண்டு. அது எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் ஒரு நிமிடத்துக்கு முன் உள்நுழைந்தார் என்பதை அடுத்த கோரிக்கை வரும்போது நெறிமுறை அறியாது. இக்குறையை நீக்க நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டூலி 1994இல் ‘குக்கி’ என்னும் முறையை வகுத்தார். சேவையகம் ஓர் அடையாளச் சீட்டை உலாவியிடம் கொடுக்கிறது; உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் அச்சீட்டைத் திருப்பிக் காட்டுகிறது. ஜாவா வலைச்செயலிகளில் ‘அமர்வு’ எனப்படும் வசதி பொதுவாக இதன்மீதே இயங்குகிறது. அச்சீட்டைக் களவாடியவர் உரியவராகவே நடிக்க முடியும் என்பதனால்தான் பரிமாற்றம் முழுவதையும் மறையாக்கம் செய்யும் எச்.டி.டி.பி.எஸ். இன்றியமையாததாகிறது.

உலாவி அறிந்த மொழிகள்

சேவையகத்தில் எந்த மொழியில் நிரல் எழுதப்பட்டாலும், உலாவி புரிந்துகொள்ளும் மொழிகள் சிலவே. பக்கத்தின் கட்டமைப்பை எச்.டி.எம்.எல். குறிக்கிறது, தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். வகுக்கிறது, இயக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் தருகிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பெயரளவில் நெருங்கியவை. உண்மையில் வெவ்வேறு மொழிகள். முன்னது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் குழுவினரால் உருவாக்கப்பட்டது. பின்னது நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கியது. இரண்டும் 1995இல் வெளியாயின.

இங்கு அறிய வேண்டிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. உலாவி பயனரின் கையில் உள்ளது. பதிவெண் எண்களால் மட்டும் ஆனதா என்று ஜாவாஸ்கிரிப்ட் சரிபார்க்கலாம். ஆனால், அச்சரிபார்ப்பை நீக்கிவிட்டுத் தாம் விரும்பியதை அனுப்பப் பயனரால் முடியும். எனவே, உலாவியில் செய்யப்படும் சரிபார்ப்பு பயனருக்கு உதவுவதற்கானது. சேவையகத்தில் செய்யப்படும் சரிபார்ப்பே பாதுகாப்புக்கானது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மொழித் தேர்ச்சி

பணிச்சட்டகத்தின் கட்டளைகளை மனப்பாடம் செய்வது ஜாவாவைக் கற்பதாகாது. இனக்குழு, பொருள், மரபுரிமம், இடைமுகம் ஆகிய பொருள்நோக்கு நிரலாக்கக் கருத்துகளில் தெளிவு வேண்டும். ஸ்பிரிங் போன்றவை பல இடங்களில் இடைமுகங்களின் வழியாக நிரற்பகுதிகளை இணைக்கின்றன; இடைமுகம் எதற்காக என்பதை உணராதவருக்கு அவ்விணைப்பு மாயமாகவே தோன்றும். பட்டியல், கணம், அகராதி போன்ற தரவுத் தொகுப்புகளைக் கையாளும் பயிற்சியும் தேவை.

விதிவிலக்குகளைக் கையாளுதல் இவற்றினும் முதன்மையானது. நிரல் இயங்கும்போது பிழை நேர்ந்தால் ஜாவா நீண்டதோர் அறிக்கையைத் தருகிறது. எந்தச் செயற்கூறு எந்தச் செயற்கூற்றை அழைத்தது, எந்த வரியில் தடை நேர்ந்தது என்பவற்றை அது வரிசையாகக் காட்டும். பணிச்சட்டகம் பயன்படுத்தப்படும் செயலியில் இவ்வறிக்கை நூறு வரிகளைத் தாண்டுவதும் உண்டு. அதன் நீளத்தைக் கண்டு மருள்பவர் முதல் வரியோடு நின்றுவிடுவார். படிக்கக் கற்றவரோ ‘இதற்குக் காரணம்’ எனத் தொடங்கும் இறுதிப் பகுதிக்குச் சென்று, தாம் எழுதிய வரியைக் கண்டறிவார்.

ஒரு சர்வ்லெட், பல இழைகள்

வலைச்செயலிகளின் தொடக்கக் காலத்தில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய நிரலைத் தனியே இயக்கும் முறை வழக்கில் இருந்தது. கூட்டம் பெருகும்போது சேவையகம் திணறியது. இதற்கு மாற்றாகச் சன் நிறுவனம் 1997இல் சர்வ்லெட் விதிமுறையை வெளியிட்டது. சர்வ்லெட் என்பது கோரிக்கையைப் பெற்று மறுமொழியை உருவாக்கும் ஜாவா இனக்குழு. டாம்கேட் போன்ற கொள்கலன் அதனை உருவாக்கி, கோரிக்கைகளை அதனிடம் ஒப்படைக்கிறது.

இயல்பாகக் கொள்கலன் ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரே ஒரு பொருளைத்தான் உருவாக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கோரினாலும், பல இழைகள் அந்த ஒரே பொருளையே பயன்படுத்துகின்றன. தேர்வு முடிவுச் செயலியை எழுதியவர் இதனை அறியாமல், பதிவெண்ணைப் பொருளின் பொதுவான மாறியில் சேமிக்கிறார் எனக் கொள்ளலாம். முதல் மாணவரின் பதிவெண் அம்மாறியில் எழுதப்படுகிறது. மதிப்பெண்ணைத் தேடத் தொடங்குவதற்குள் இரண்டாம் மாணவரின் கோரிக்கை வந்து, அதே மாறியில் தன் பதிவெண்ணை எழுதிவிடுகிறது. முதல் மாணவரின் திரையில் இரண்டாம் மாணவரின் மதிப்பெண் தோன்றுகிறது.

இப்பிழை நிரலாளரின் மேசையில் ஒருபோதும் தலைகாட்டாமல் இருக்கலாம். சோதிப்பவர் ஒருவரே என்பதால் ஒவ்வொரு முறையும் சரியான விடையே கிடைக்கும். முடிவு வெளியாகும் காலையில், இலட்சக்கணக்கானோர் ஒருசேர வரும்போதுதான் அது வெளிப்படும். பணிச்சட்டகம் இதனைத் தடுத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. ஸ்பிரிங் நிர்வகிக்கும் பொருள்களும் இயல்பாக ஒன்றே ஒன்றாகத்தான் உருவாக்கப்படுகின்றன. அங்கும் அதே பிழை அவ்வாறே நேரும். தீர்வு எளியது. ஒரு கோரிக்கைக்கு உரிய தகவலைச் செயற்கூற்றின் உள்மாறியில் வைத்தால், ஒவ்வோர் இழைக்கும் தனித்தனிப் படி கிடைத்துவிடும். எளிய இத்தீர்வு, இழைகள் இயங்கும் முறையை அறிந்தவருக்கே புலப்படும்.

தரவுத்தளத்தின் மொழி

ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். அதன் அடிப்படையில் பின்னர் உருவானதே எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழி. ஜாவா நிரல்கள் ஜே.டி.பி.சி. என்னும் இணைப்பு வழியாகத் தரவுத்தளத்தோடு உரையாடுகின்றன. ஹைபர்னேட் போன்ற கருவிகள் வினவல்களைத் தாமே எழுதித் தருவதால், எஸ்.கியூ.எல். கற்பது தேவையில்லை எனச் சிலர் கருதுவர். அக்கருத்து தவறானது என்பதைச் சில எடுத்துக்காட்டுகள் காட்டும்.

ஒரு வகுப்பின் 40 மாணவர்களையும் அவர்கள்தம் மதிப்பெண்களையும் பட்டியலிட வேண்டும் எனக் கொள்ளலாம். கவனமின்றி எழுதினால், மாணவர் பட்டியலுக்கு ஒரு வினவலும் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணுக்கும் ஒவ்வொரு வினவலுமாக, 41 வினவல்களைக் கருவி அனுப்பிவிடும். இரு அட்டவணைகளை இணைக்கக் கற்றவர் இதனை ஒரே வினவலில் முடிப்பார். அதுபோலவே, 8 இலட்சம் வரிசைகள் கொண்ட அட்டவணையில் ஒரு பதிவெண்ணைத் தேட, வரிசைப்படுத்திய சுட்டுவரிசை இல்லையெனில் எல்லா வரிசைகளையும் பார்க்க நேரிடும். வரிசைப்படுத்திய பட்டியலில் ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் பாதியைத் தள்ளிக்கொண்டே சென்றால், ஏறத்தாழ 20 ஒப்பீடுகள் போதும்.

விரைவைவிடப் பாதுகாப்பு இன்றியமையாதது. பயனர் உள்ளிட்ட சொற்களை வினவல் வாக்கியத்தோடு அப்படியே ஒட்டி அனுப்பினால், தீய எண்ணம் உடையவர் பதிவெண்ணுக்குப் பதிலாக வினவலின் ஒரு பகுதியையே எழுதி அனுப்பலாம். ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்னும் நிபந்தனை சேர்ந்துவிட்டால், அது எப்போதும் உண்மையாதலால், ஒருவருடைய மதிப்பெண்ணுக்குப் பதிலாக அனைவருடைய மதிப்பெண்களும் வெளியாகிவிடும். வினவலையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் முன்தயாரிப்பு வினவல் முறை இதனைத் தடுக்கிறது. அம்முறையில் பயனர் எழுதியது எதுவாயினும் அது மதிப்பாக மட்டுமே கொள்ளப்படும், கட்டளையாகாது.

மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கும் வசதியையும் செயலியில் சேர்ப்பதாயின், பரிவர்த்தனை என்னும் கருத்தும் தேவைப்படுகிறது. கட்டணம் செலுத்தப்பட்டதாகப் பதிவாகி, விண்ணப்பம் பதிவாவதற்குள் மின்தடை ஏற்பட்டால் மாணவர் பணத்தை இழந்து நிற்பார். இரு பதிவுகளும் நிகழ வேண்டும். இல்லையேல் இரண்டும் நிகழாதிருக்க வேண்டும். இவ்வுறுதியைத் தரவுத்தளம் தரும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை நிரலாளரே வரையறுக்க வேண்டும்.

எழுத்துக் குறியாக்கம்

தமிழில் பெயர்களைக் காட்டும் செயலிக்கு இப்பகுதி தனிச்சிறப்பு உடையது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஒருங்குறித் தரத்தில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்வெண்களை பைட்டுகளாக மாற்றும் முறைகளுள் பெருவழக்கானது யு.டி.எஃப்.-8. அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது.

‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. யு.டி.எஃப்.-8 முறையில் 15 பைட்டுகள் ஆகின்றன. ஜாவாவில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். பெயருக்கு 30 பைட்டுகள் போதும் என வரையறுத்தவர், உண்மையில் பத்துக் குறிகளுக்கே இடம் தந்திருக்கிறார். நீண்ட பெயருக்கு அங்கே இடமில்லை.

மேலும், உலாவி தன் குறியாக்கத்தைக் குறிப்பிடாதபோது, அதனை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஒரு பைட் குறியாக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது சர்வ்லெட் விதிமுறை. அவ்வாறு கொள்ளப்பட்டால் ஒரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் தொடர்பற்ற மூன்று குறிகளாகப் பிரிந்துவிடும். தரவுத்தளமும் தமிழை ஏற்காத குறியாக்கத்தில் அமைந்திருப்பின், பெயர் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படலாம். அங்ஙனம் சேமிக்கப்பட்ட பெயரை மீட்க இயலாது. உலாவி, சேவையகம், தரவுத்தளம் ஆகிய மூன்றிலும் ஒரே குறியாக்கத்தை அமைப்பதே வழி.

தெரிந்து தெளிவோம்

ஜாவா மொழிக்கு முதலில் இடப்பட்ட பெயர் ‘ஓக்’. வீட்டுப் பயன்பாட்டு மின்னணுக் கருவிகளுக்காக 1991இல் தொடங்கப்பட்ட திட்டத்தில் இம்மொழி உருவானது. பின்னர் வலையின் வளர்ச்சியோடு இணைந்து உலகெங்கும் பரவியது.

பிறர் எழுதிய நிரல்கள்

இன்றைய வலைச்செயலியில் நிரலாளர் எழுதும் வரிகளைவிடப் பிறர் எழுதிய நிரல் நூலகங்களின் வரிகளே மிகுதி. அவற்றைத் தருவித்துச் சேர்க்க மேவன், கிரேடில் போன்ற கருவிகள் உள்ளன. செய்த மாற்றங்களைப் பதிவு செய்து காக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் பயன்படுகிறது. ஒரு நூலகத்தைச் சேர்த்தால், அது சார்ந்திருக்கும் வேறு நூலகங்களும் உடன் வந்து சேரும்.

இதன் விளைவை உலகம் 2021 டிசம்பரில் உணர்ந்தது. நிகழ்வுகளைப் பதிவு செய்யப் பயன்படும் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்தில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. குறிப்பிட்ட வடிவில் அமைந்த ஒரு தொடரை அது பதிவு செய்ய நேர்ந்தால், வெளியிலுள்ள சேவையகத்திலிருந்து நிரலைப் பெற்று இயக்கும் நிலை இருந்தது. குறைகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் அதற்கு 10க்கு 10 அளிக்கப்பட்டது. அந்நூலகத்தைத் தாம் பயன்படுத்துகிறோமா என்பதையே அறியாதோர் பலர். அது மற்றொரு நூலகத்தின் வழியாக உள்ளே வந்திருந்தது. தம் செயலியின் சார்புப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் விரைந்து திருத்தினர். பிறர் தேடிக்கொண்டிருந்தனர்.

பெயர்மாற்றங்களும் கற்பவரைத் தடுமாறச் செய்யும். ஜாவாவின் நிறுவனப் பதிப்பு ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குச் சென்றபின், ஜகார்த்தா என்னும் பெயர் பெற்றது. 2020இல் வெளியான ஒன்பதாம் பதிப்பில், ‘ஜாவாஎக்ஸ்’ எனத் தொடங்கிய தொகுப்புப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என மாறின. டாம்கேட் 9 பழைய பெயரையும், டாம்கேட் 10 புதிய பெயரையும் ஏற்கின்றன. பழைய எடுத்துக்காட்டைப் பார்த்தெழுதிய மாணவரின் நிரல் புதிய கொள்கலனில் இயங்காமைக்குக் காரணம் அவருடைய அறிவுக்குறை அன்று, இம்மாற்றமே ஆகும்.

கற்கும் வரிசையும் அளவும்

இத்தனையையும் கரைகண்ட பின்னரே பணிச்சட்டகத்தைத் தொட வேண்டுமா என்னும் ஐயம் எழலாம். அவ்வாறாயின் தொடங்கும் நாளே வாராது. ஒவ்வோர் அடுக்கிலும் வல்லுநராதல் தேவையில்லை. ஒவ்வொன்றையும் ஒருமுறையேனும் கையால் செய்து பார்த்திருத்தல் போதும். முதலில் ஜாவா மொழியையும், அதனோடு ஒருசேர எச்.டி.எம்.எல். பக்கங்களையும் பழகலாம். அடுத்து, உலாவியின் உருவாக்குநர் கருவிகளைத் திறந்து கோரிக்கைகளையும் மறுமொழிகளையும் உற்றுநோக்கலாம். பின்னர், எஸ்.கியூ.எல். வினவல்களைத் தரவுத்தளத்தில் நேரடியாக எழுதிப் பார்த்து, ஜே.டி.பி.சி. வழியாக அவற்றை ஜாவாவிலிருந்து இயக்கலாம். இறுதியாக, பணிச்சட்டகம் ஏதுமின்றிச் சர்வ்லெட்டைக் கொண்டே சிறு செயலி ஒன்றை முழுமையாக உருவாக்கலாம்.

அச்செயலியை எழுதுகையில் ஒரே வகையான வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். சலிப்பூட்டும் அவ்வனுபவமே பணிச்சட்டகம் ஏன் தோன்றியது என்பதற்குச் சிறந்த விளக்கம். அதன்பின் அதனைக் கற்பவர், ஒவ்வொரு வசதியும் எந்தச் சுமையை இறக்கி வைக்கிறது என்பதை உணர்ந்தே கற்பார். பணிச்சட்டகங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. இன்று விரும்பப்படுவது நாளை வழக்கொழியலாம். கோரிக்கையும் மறுமொழியும், இழைகளும், வினவல்களும், குறியாக்கமும் அவ்வளவு விரைவில் மாறுவன அல்ல. அவற்றில் ஊன்றிய அறிவே, புதியது எது வந்தாலும் கற்றுக்கொள்ளும் துணிவைத் தரும்.

கற்பவை கற்றபின்…

1. உலாவியின் உருவாக்குநர் கருவிகளைத் திறந்து, ஏதேனும் ஒரு வலைப்பக்கத்திற்கு எத்தனை கோரிக்கைகள் அனுப்பப்படுகின்றன, அவற்றின் மறுமொழி எண்கள் யாவை எனக் கண்டு பட்டியலிடுக.

2. உம் பெயரைத் தமிழில் எழுதி, அதிலுள்ள எழுத்துகள், ஒருங்குறிக் குறிகள், யு.டி.எஃப்.-8 பைட்டுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தனித்தனியே கணக்கிடுக.

3. ‘சோதனையில் சரியாக இயங்கிய செயலி, பயன்பாட்டில் தவறக்கூடும்.’ இக்கூற்றைப் பாடத்தில் உள்ள சான்றுகளுடன் விளக்குக.